கேட்டார்கள், எழுதினார்கள், ஒதுக்கிவைத்தார்கள்: சண்டிகர் காப்பக வழக்கு (2009), ஒரு நிகழ்வு ஆய்வு

2009 மே மாதம் சண்டிகரில் அரசு நடத்தும் நலக் காப்பகத்தில் இருந்த ஒரு இளம்பெண் கருவுற்றிருப்பது தெரியவந்தது. அவருக்குப் பெற்றோர் இல்லை. உறவு என்று சொல்லி வந்து நின்றவரும் இல்லை. எலும்புப் பரிசோதனையை வைத்து மருத்துவர்கள் கணித்த வயது 19, 20. லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர். கரு அப்போது 8 முதல் 10 வாரம். காப்பகத்தில் இருந்தபோதே அவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார் என்று காவல்துறை வழக்குப் பதிந்தது.

அடுத்து நடந்ததுதான் சட்டப் புத்தகங்களில் ஏறியது. கருவைக் கலைக்க அனுமதி கேட்டு சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 17 அன்று, அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமலேயே, கலைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆகஸ்ட் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ப. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு விரிவான காரணங்களுடன் தீர்ப்பை வெளியிட்டது. ‘சுசிதா ஸ்ரீவஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம்’ என்பது வழக்கின் பெயர்.

இனப்பெருக்க உரிமை பற்றிய வழக்காகத்தான் இதைப் பெரும்பாலும் படிக்கிறார்கள். அது சரிதான். ஆனால் காப்பகம், பராமரிப்பு இல்லம், பகல்நேர மையம், மருத்துவமனை என்று அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு அன்றாடம் வேலை செய்கிறவர்களுக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் அறிக்கையிலும் ஏறியது. ஏறிய பிறகு, அதைப் பதிலாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நிபுணர் குழுவின் கேள்விகள்

உயர் நீதிமன்றம் மருத்துவ நிபுணர்களும் நீதித்துறை அதிகாரி ஒருவரும் அடங்கிய குழுவை அமைத்து, சில கேள்விகளுக்கு விடை கேட்டது. அவற்றில் இரண்டை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: திருமணத்துக்குள் பிறக்கும் குழந்தைக்கும் வெளியே பிறக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடும், சமூகம் அதை எப்படிப் பார்க்கும் என்பதும் இவருக்குப் புரிகிறதா? புரியவில்லை என்று குழு எழுதியது. 19 வயதுள்ள வேறு எந்தப் பெண்ணும் கருவைச் சுமக்க இப்படி ஒரு தேர்வு எழுத வேண்டியதில்லை. இது முடிவெடுக்கும் திறனை அளக்கும் கேள்வியே இல்லை. ஊர் வாய்க்கு அஞ்சத் தெரியுமா என்று பார்க்கும் கேள்வி.

இரண்டாவது கேள்வி, கருவைப் பற்றியும் வரப்போகும் நாட்களைப் பற்றியும் அவருக்கு என்ன தெரியும் என்பது. தான் ஒரு குழந்தையைச் சுமக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், அதைப் பெற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறார் என்று குழு எழுதியது. தன் எதிர்காலத்துக்கும் குழந்தையின் எதிர்காலத்துக்கும் இதனால் என்ன விளையும் என்பதை அவரால் உணர முடியவில்லை என்றும் கூடவே சேர்த்தது. உடல் அளவில் பிள்ளை பெற்று வளர்க்கப் போதுமான வலு இருக்கிறது என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

உயர் நீதிமன்றம் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம், அவருக்குக் குழந்தை வேண்டும் என்ற முதல் பாதியை எடுத்தது.

சட்டம் எங்கே திரும்பியது

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், பெண்ணுக்குப் பதிலாகப் பாதுகாவலர் சம்மதம் தரலாம் என்று சொல்வது இரண்டே இடங்களில்: பெண் 18 வயது நிரம்பாதவராக இருந்தால், அல்லது மனநோய் உள்ளவராக இருந்தால். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் மனநோய்க்கு ஒரு வரையறை தந்தது. சிகிச்சை தேவைப்படும் மனக்கோளாறு உள்ளவர் என்று சொன்ன அந்த வரையறை, அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை வெளிப்படையாக விலக்கிவிட்டது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே வரையறுத்திருந்தது.

ஆகவே வயது நிரம்பிய, அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்குப் பதிலாக யாரும் கையெழுத்திட முடியாது. பெற்றோரும் முடியாது, காப்பகக் கண்காணிப்பாளரும் முடியாது, அரசும் முடியாது. யாருமற்றவருக்கு அரசே பெற்றோர் என்ற கோட்பாட்டைக் காட்டி உயர் நீதிமன்றம் முடிவெடுத்திருந்தது. அந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தும்போதும் பார்க்க வேண்டியது அந்தப் பெண்ணின் நலன் மட்டுமே, சமூகத்துக்கு எது வசதி என்பது அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருடைய மன வயது 9 என்ற வாதமும் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்பச் செய்தும் பிறரைப் பார்த்தும் கற்கக் கூடியவர், எளிய முறையில் பேசிப் புரியவைக்கக் கூடியவர் என்று மருத்துவக் கருத்திலேயே இருப்பதை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடையும் கருக்கலைப்பும் செய்த பழைய இனமேம்பாட்டுக் கொள்கையையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நலனுக்கான அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளை அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் துணை நிற்பதாக நீதிமன்றத்தில் உறுதி அளித்தது.

தீர்ப்பில் ஒரு குறையும் உண்டு. ‘லேசான’ என்ற மருத்துவச் சொல்லின் மேல் அது நிறையப் பாரத்தை ஏற்றிவிட்டது. ‘தீவிர’ என்று சான்றிதழில் எழுதப்பட்டவர்களின் விருப்பத்தை எப்படி அறிவது என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை. அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மே முதல் ஜூலை வரை

கரு தெரியவந்தபோது அதிகபட்சம் 10 வாரம். உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது 19 வாரம். அன்றைய சட்டப்படி கருக்கலைப்புக்கு எல்லை 20 வாரம். நடுவில் போன இரண்டு மாதமும் குழு அமைக்கவும் அறிக்கை வாங்கவும் மனு நடத்தவுமே செலவானது.

இந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் இதே இரண்டு மாதம் போயிருக்கும், ஒரு பாதுகாப்பான எளிய சிகிச்சை ஆபத்தும் வலியும் கூடிய ஒன்றாக மாறியிருக்கும். அவர் எந்த முடிவை எடுத்திருந்தாலும் நிர்வாகம் எடுத்துக்கொண்ட காலம் அந்த முடிவின் மேல்தான் விழுந்திருக்கும். 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் விதிகளும் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிலருக்கு எல்லையை 24 வாரமாக உயர்த்தியிருக்கின்றன. அதற்காக மெதுவாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. அந்த விதிகளில் ஒரு பொறியும் இருக்கிறது: 24 வார எல்லைக்கான பட்டியலில் மனநோயுள்ள பெண்களோடு அறிவுசார் குறைபாடுள்ள பெண்களையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். அது கால எல்லைக்கு மட்டும் பொருந்தும். சம்மதத்துக்குச் சட்டத்தின் வரையறைதான் பொருந்தும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘விதியிலேயே இருக்கிறதே, பாதுகாவலர் கையெழுத்து போதும்’ என்று சொன்னால் அது தவறு.

நடைமுறையில் தவறு நுழையும் இடம் சி படிவம். கருக்கலைப்புக்கான இந்தச் சம்மதப் படிவத்தில் பெண் கையெழுத்திட ஒரு பகுதியும் பாதுகாவலருக்கு ஒரு பகுதியும் உண்டு. மாற்றுத்திறனாளி அட்டையைப் பார்த்ததும் இரண்டாம் பகுதியை எடுத்துக் கூட வந்தவரிடம் நீட்டுவது கை பழகிய வேலை. வயது 18 நிரம்பியிருந்து, குறைபாடு அறிவுசார்ந்தது என்றால் நிரப்ப வேண்டியது முதல் பகுதி. கைநாட்டு போதும், அதற்கு முன் நடந்த விளக்கத்தைத் தனித் தாளில் எழுதி இணைக்க வேண்டும்.

யார் கேட்பது

இந்த வழக்கில் கலைக்க அனுமதி கேட்டது எந்த நிர்வாகம்? யாருடைய பொறுப்பில் இருந்த காப்பகத்தில் குற்றம் நடந்ததோ அதே நிர்வாகம். அதற்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கரு இல்லாமல் போனால் யாருடைய தலைவலி குறையும் என்று யோசித்தாலே போதும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம், சொத்து விவகாரத்தில் உதவி செய்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நலன் முரண்பட்டால் உதவி செய்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. நிலத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் இருக்கும் இந்தக் கட்டுப்பாடு உடலைப் பற்றிய முடிவுக்கு மட்டும் தேவையில்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது? இல்லத்தின் ஊழியர் யாரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இல்லத்துக்குள் நடந்த வன்கொடுமையை ஒட்டிய முடிவில் துணை ஆளாக உட்காரக் கூடாது. வெளியிலிருந்து ஒரு சிறப்பாசிரியரோ, அந்தப் பெண் ஏற்கெனவே நம்பும் ஒருவரோ வேண்டும். அப்படி ஒருவரை நெருக்கடி வந்த அன்று தேட முடியாது. இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஊழியரல்லாத ஒரு ஆள், மாதம் ஒருமுறையாவது நேரில் வந்து தனியாகப் பேசும் ஆள், முன்பே இருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது

அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் ஊறியிருக்கும்: பெரியவர்கள் கேட்டால் ‘ஆமா’ சொல்ல வேண்டும், சொன்னால் முகம் மலரும். அதனால் ஆமா–இல்லை கேள்விகளை வைத்துச் சம்மதம் வாங்குவது எளிது, அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு குறைவு. ‘பாப்பா வேணுமாம்மா?’ என்று கேளுங்கள், ‘ஆமா’ வரும். அரை மணி கழித்து ‘பாப்பா வேணாம்தானே?’ என்று கேளுங்கள், அதற்கும் ‘ஆமா’ வரலாம். இரண்டும் ஆமா என்றால் உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, கேள்வியை மாற்ற வேண்டும் என்று பொருள். அவருக்குத் திறன் இல்லை என்று பொருள் அல்ல. பல மதிப்பீட்டு அறிக்கைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மாற்றுவது எப்படி? முதலில் அவர் பேசும் சொற்களைக் கண்டுபிடியுங்கள். கர்ப்பம் என்றால் தெரியாத ஒருவருக்கு ‘வயித்துல பாப்பா’ தெரிந்திருக்கும். வயிற்றில் குழந்தை உள்ள படம், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம், மருத்துவமனைக் கட்டில் படம், வீட்டுக்குத் திரும்பும் படம் என்று நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே விஷயம். படங்களை அவரிடம் கொடுத்து, ‘இப்ப என்ன ஆகியிருக்கு, நீங்க சொல்லுங்க’ என்று அவரையே வரிசையாக வைக்கவிடுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதினைந்து, இருபது விநாடி மௌனம் கேட்பவருக்குத்தான் கஷ்டமாக இருக்கும், யோசிப்பவருக்கு அந்த நேரம் தேவை.

தேர்வுகளைச் சொல்லும்போது கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பழக்கமும் சிலருக்கு உண்டு. ஆகவே மறுமுறை வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டு, வேறொரு ஆள், வேறொரு இடத்தில், அதே விஷயத்தைக் கேட்க வேண்டும். மூன்று முறையும் பதில் ஒரே பக்கம் நின்றால் அதை அவர் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் இதை முடித்துவிட முடியும், இரண்டு மாதம் தேவையில்லை.

எழுதும்போது அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். ‘நோயாளி கர்ப்பத்தைத் தொடர விரும்புகிறார்’ என்று எழுதுவதைவிட, அவர் என்ன சொன்னார், எந்தப் படத்தைத் தொட்டார், எப்போது முகத்தைத் திருப்பினார், அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதினால் பிறகு படிக்கும் நீதிபதிக்கும் மருத்துவருக்கும் பயன்படும்.

பரிசோதனை, ரத்தம் எடுப்பது, ஸ்கேன், கருவைத் தொடர்வது அல்லது கலைப்பது, காவல்துறையிடம் பேசுவது: ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்மதம். முதல் ஊசிக்குக் கை நீட்டினார் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வழக்குக்கு மரபணுச் சான்று வேண்டும் என்பது கருவைக் கலைக்கவும் காரணமாகாது, வைத்திருக்கவும் காரணமாகாது. அவர் எந்த முடிவெடுத்தாலும் மாதிரி எடுக்க வழி உண்டு.

காப்பகத்தின் உள்ளே

நீதிமன்றங்கள் கருவைப் பற்றிப் பேசின. கருவுக்கு முன்னால் நடந்ததைத் தடுப்பது காப்பகத்தின் வேலை.

மாதவிடாய் நின்று சில வாரம் ஆகியும் யாருக்கும் தெரியாமல் போவது எப்படி? பல இல்லங்களில் மாதவிடாய்க் குறிப்பே கிடையாது. இருக்கும் இடங்களில் அது நாப்கின் கணக்காக இருக்கும். காலையில் வாந்தி எடுத்தால் ‘சேட்டை’, சாப்பிட மறுத்தால் ‘அடம்’. உடல் சொல்வதையெல்லாம் நடத்தைப் பிரச்சினையாக எழுதிவைக்கும் பழக்கம் இது. குறிப்பை அந்தப் பெண்ணே வைத்துக்கொள்ளட்டும். சுவர் நாட்காட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலானோர் சில மாதங்களில் பழகிவிடுவார்கள். ஸ்டிக்கர் வர வேண்டிய நாளைத் தாண்டி இரண்டு வாரம் ஆனால், தனியே அழைத்துக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால் சிறுநீர்ப் பரிசோதனை. அதையும் அவர் எதிரிலேயே செய்து முடிவை அவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மாதவிடாயையே இல்லாமல் ஆக்கிவிட்டால் சுலபம் என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த பெண்களுக்குப் புனேயில் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள், சுகாதாரத்தைப் பராமரிக்க முடியவில்லை என்ற காரணம் சொல்லி. பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பு பெரிதான பிறகுதான் மீதிப் பேர் தப்பினார்கள். கருப்பை போனால் மாதவிடாய் நிற்கும், கர்ப்பமும் நிற்கும், வன்கொடுமை நிற்காது. அது வெளியே தெரியவரும் வழிதான் அடைபடும்.

இரவுப் பணியில் ஒரே ஆள் மட்டும் இருக்கும் ஏற்பாடு கூடாது. தங்குமிடத்துக்குள் ஆண் ஊழியர், பழுதுபார்ப்பவர், பார்வையாளர் யார் வந்தாலும் வந்த நேரமும் போன நேரமும் எந்த அறை என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும். கேமரா நடைபாதையில் இருக்கலாம், படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடாது. ஒருவருக்குத் திடீரென்று மிட்டாயோ வளையலோ கிடைத்தால், ஒரு குறிப்பிட்ட ஊழியரின் முறை வரும் நாளில் மட்டும் தூங்க மறுத்தால், அதைக் கேட்டறிய ஒரு ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆழமான விஷயம் ஒன்று. சொன்ன பேச்சைக் கேட்பவர்தான் நல்ல பிள்ளை என்று இல்லம் நாள் முழுக்கப் பழக்கிக்கொண்டே இருக்கிறது. பிடிக்காத உப்புமாவைத் தள்ளினால் திட்டு, குளிக்கப் பிறகு போகிறேன் என்றால் திட்டு, கன்னத்தைக் கிள்ளும் விருந்தினரிடமிருந்து விலகினால் ‘அங்கிளுக்கு வணக்கம் சொல்லு’. இப்படி வளர்ந்த ஒருவர் இரவில் ஒரு ஆள் கையைப் பிடிக்கும்போது மட்டும் எதிர்த்துக் கத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. மறுப்புச் சொல்வது சாப்பாட்டுத் தட்டில் பழக வேண்டிய திறன். இன்று எந்தச் சட்டை, இட்லியா தோசையா, யாரோடு உட்காருவது என்பதில் ஒருவர் சொல்லும் ‘வேண்டாம்’ நிற்க வேண்டும். அதோடு உடலுறுப்புகளின் பெயர்களை மழுப்பாமல் கற்றுத்தர வேண்டும். பெயர் தெரியாத உறுப்பைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முடியாது.

குற்றம் நடந்துவிட்டால்

2013ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தம், மாற்றுத்திறனாளியான பெண்ணின் புகாரை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ பதிய வேண்டும் என்றும், சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பவரோ உடனிருக்க வேண்டும் என்றும், அதை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நடுவரிடம் இந்த முறையில் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாக முதலில் விசாரிக்கப்படும்போது தரும் வாக்குமூலத்துக்குச் சமம், அவர் அதே கதையை நீதிமன்றத்தில் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. சிறப்பாசிரியரை அழைக்கும் முன்பே நிலைய எழுத்தர் பாதி எழுதி முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் அதனாலேயே பலவீனமானது ஆகாது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பட்டான் ஜமால் வலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுதிய முறை கோளாறாக இருந்தால் அந்தப் பாதுகாப்பும் பயன்படாது.

மூடாத இடைவெளி

2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டுச் சிறை, அபராதம். கூடவே ஒரு விலக்கு: குறைபாடு தீவிரமாக இருந்து, மருத்துவர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் இருந்தால் குற்றமில்லை. எது தீவிரம், யார் முடிவு செய்வது என்று அந்தப் பிரிவில் சொல்லப்படவில்லை. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு ‘லேசான’ என்ற சொல்லில் நின்ற அதே இடத்தில் சட்டம் ‘தீவிர’ என்ற சொல்லில் நிற்கிறது.

பாதுகாவலர் என்ற சொல்லிலும் சிக்கல். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கிறது. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவோ, பாதுகாவலர் என்பவர் குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டும், அந்த நபரின் விருப்பத்தின்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர் என்கிறது. வேறு சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டவர்களும் இனி இந்த அளவுக்குள்தான் என்றும் சொல்கிறது. குடும்பங்களின் கையில் இருக்கும் சான்றிதழைப் பார்த்தால் அந்த எல்லை தெரியாது, எல்லாவற்றுக்கும் அதிகாரம் தந்ததுபோல இருக்கும். குழுவிடம் விண்ணப்பிக்கும்போதே எந்த முடிவுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிக் கேட்பது நல்லது. வங்கிக் கணக்குக்காக வாங்கிய நியமனத்தை அறுவைச் சிகிச்சைக்கு நீட்டும் வழி அங்கேயே அடைபடும்.

பேச்சே இல்லாதவர்களுக்கு? மகிழ்ச்சி என்றால் என்ன செய்வார், வலி என்றால் எப்படி இருப்பார், வேண்டாம் என்பதை எந்த அசைவில் காட்டுவார், யாரைக் கண்டால் உடல் இறுகும்: இவற்றை அவரோடு பல ஆண்டு பழகிய இரண்டு மூன்று பேர் தனித்தனியே எழுதி, ஒப்பிட்டு, ஓரிரு பக்கத் தாளாகக் கோப்பின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். ஊழியர் மாறும்போது இந்தத் தாள்தான் முதலில் கைமாற வேண்டியது. மருத்துவமனைக்கு அவரோடு போக வேண்டியதும் இதுவே. 2014இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாதபோது ‘அவருக்கு எது நல்லது’ என்று பிறர் தீர்மானிக்காமல், அவர் வாழ்ந்த விதத்தை வைத்து அவர் விருப்பம் எதுவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும் என்றது. அந்தத் தாள் இல்லாத இடத்தில் இந்த ஊகத்துக்கு ஆதாரம் எதுவும் இருக்காது.